இம்கேயின் காதும் டெட்லெஃபின் கையும்

இம்கே டீட்யென் வாசிக்கும்போது காதில் அடைப்பான் வைக்க மாட்டாள். பிரெமென் நகரத்தில் ஆட்ட இசை வட்டாரத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. இப்போதெல்லாம் ஆட வருகிற சின்னப் பிள்ளைகள்கூட மஞ்சள் பஞ்சையோ ரப்பர் குச்சியையோ காதில் செருகிக்கொண்டுதான் நிலவறைக்குள் இறங்குகிறார்கள். வாசலில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அந்த ஜாடியைத் தாண்டும்போதெல்லாம் இம்கே முகத்தைச் சுளிப்பாள். "சமைக்கிறவ மூக்கைப் பொத்திக்கிட்டா சமைப்பா?" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும்.

ஐம்பதைத் தாண்டியவள். வார நாட்களில் க்ரோப்பெலிங்கன் பக்கம் மஞ்சள் மிதிவண்டியில் தபால் கொடுப்பாள். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், பழைய ஐஸ் கிடங்கின் நிலவறையில் க்ரூவ்பாக்ஸ் வாசிப்பாள். ரொட்டி டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி அது. முரசு, பாஸ் என்கிற அடித்தொனி, ஜால்ரா எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கீழே வரிசையாகப் பொத்தான்கள், மேலே திருகிகள். பொத்தானை அழுத்திய இடத்தில் அடி விழும், அழுத்தாத இடம் வெற்றிடம். அது சுற்றிச் சுற்றி வரும். எந்தச் சுற்றில் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது, எந்தத் திருகியை எவ்வளவு திருப்புவது என்பதில்தான் ஆளின் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

வீட்டில் செய்ததை மடிக்கணினியில் ஓடவிட்டு மேடையில் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் இம்கேவுக்கு ஆகாது. அவள் வெறும் பெட்டியோடு வருவாள். முதல் அடியிலிருந்து ஆட்களின் கண் முன்னாலேயே கட்டுவாள். முடிந்ததும் எதையும் சேமிக்காமல் அணைத்துவிடுவாள். ஒலிப்பதிவும் கூடாது. யாராவது போனைத் தூக்கினால் கையைத் தட்டிவிடாத குறையாக முறைப்பாள். நாலு பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். ஆனால் அந்த நாலு பேரும் முதல் ஞாயிறு தவறாமல் வந்து ஆடினார்கள்.

மிக்ஸர், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மேசை, பார்க்கிறவன் டெட்லெஃப். இருபதுகளில் இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவர்கள். யார் பாத்திரம் கழுவுவது என்ற சண்டையில் ஆரம்பித்து, யார் வீட்டைக் காலி செய்வது என்ற சண்டையில் முடிந்தது அந்தக் குடித்தனம். ஆனால் அவள் வாசிக்க, இவன் மிக்ஸரில் நிற்க, அது மட்டும் விட்டுப்போகவில்லை.

அந்த நிலவறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசிப்பவரின் பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் மிக்ஸருக்கு வரும். மொத்தச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் அந்த ஒலியில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அவனை யாரும் மறுபடி மிக்ஸர் பக்கம் விட மாட்டார்கள். கடிதத்தைப் பிரித்துத் தபால்காரி எழுத்தைத் திருத்துவதற்குச் சமம் அது என்று இம்கே சொல்வாள். இந்தக் கட்டுப்பாட்டுக்காகப் பலரோடு மல்லுக்கு நின்றவன் டெட்லெஃப்.

அதே டெட்லெஃப்தான் மூன்று வருடமாக அவள் ஒலியில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

ஆரம்பித்தது ஒரு மழைக்கால ஞாயிறு. அன்று ஹை-ஹாட், அதாவது 'ட்ஸ் ட்ஸ்' என்று இடைவிடாமல் ஓடும் அந்த ஜால்ரா ஓசை, ஊசி மாதிரி காதைக் குத்தியது. இரண்டு பேர் படியேறி வெளியே போனார்கள். இன்றைக்கு இவளுக்கு ஏதோ மனநிலை சரியில்லை என்று நினைத்து, டெட்லெஃப் உச்ச ஒலிக்கான திருகியை இடப்பக்கம் ஒரு நூல் திருப்பினான். போனவர்கள் திரும்பி வந்தார்கள். அடுத்த மாதம் இரண்டு நூல். அதற்கடுத்த மாதமே அவனுக்குப் புரிந்துவிட்டது. இது மனநிலை இல்லை, காது. தனக்குக் கேட்காததை அவள் கேட்கும்வரை கூட்டிக்கொண்டே போகிறாள். அவள் கூட்டக் கூட்ட இவன் குறைத்துக்கொண்டே வந்தான். கடைசியில் அந்தத் திருகி இடது ஓரத்துக்கே போய் நின்றது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் முதல் மாதம் சொல்லாததை மூன்றாம் மாதம் சொல்வது கடினம், ஒரு வருடம் கழித்துச் சொல்வது அதைவிடக் கடினம். கோழை என்று அவனைத் திட்டலாம். நானும் திட்டியிருக்கிறேன்.

வெளியில் உலகம் அவளுக்கு அங்கங்கே சொல்லிப்பார்த்தது. ஒருநாள் மேல் வீட்டு நெர்மின் கதவைத் தட்டினாள்.

"இம்கே அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டு புகை அலாரம் மூணு நாளா கத்திட்டே இருக்கு. பேட்டரி மாத்திடுங்களேன். பிள்ளை தூங்க மாட்டேங்குது."

"என் வீட்லயா? அதெல்லாம் ஒண்ணும் கத்தல."

நெர்மின் விரலை உயர்த்திக் காட்டினாள். "இதோ, இப்பக்கூட."

இருவரும் நடைவழியில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெர்மின் மறுபடி விரலை உயர்த்தினாள். இம்கே அவள் முகத்தையே பார்த்தாள். காதில் ஒன்றும் விழவில்லை. "உனக்குப் பாம்புக் காதுடி" என்று சொல்லி முக்காலியில் ஏறிப் பேட்டரியை மாற்றினாள். கதவைச் சாத்திய பிறகு, பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கெல்லாம் இந்தக் காலத்துப் பெண்கள் ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை நம்பினாளா என்பது வேறு விஷயம். நம்பாமல் இருக்க அவளால் முடியவில்லை.

அந்தக் கோடையில்தான் யோர்டிஸ் அழைத்தாள். ரோஸ்டாக் நகரத்தில், ஆற்றோரப் பழைய படகுக் கொட்டகையில் பகல்நேர ஆட்டம் நடத்துகிற இளம்பெண். இம்கே வாசித்ததை ஒருமுறை பிரெமெனில் கேட்டிருக்கிறாள். அன்றே அவளை அழைப்பதென்று மனதில் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். இந்த ஒரு ஆட்டம் நன்றாகப் போனால் இலையுதிர் காலத்தில் கடற்கரை ஊர்கள் முழுக்கச் சுற்றலாம், எல்லா இடத்திலும் தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். இம்கே வெளியூரில் வாசித்துப் பல வருடமாகியிருந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றபடியே கொஞ்ச நேரம் ஆடினாள்.

டெட்லெஃபிடம் சொன்னபோது அவன் முகம் செத்துப்போயிற்று.

"நானும் வர்றேன். மிக்ஸர்ல நிக்கிறேன்."

"அங்க அவங்களுக்கு ஆள் இருக்குடா."

"இருக்கட்டும். உன் சத்தம் எனக்குத்தான் தெரியும்."

"என் சத்தத்துல தெரிஞ்சுக்க என்ன இருக்கு? ரெண்டு ஒயர். நாய்கூட மாட்டும்." அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "நீ வந்தா உன் இடுப்பு வலிக்கு மெத்தை தேடணும். வீட்ல கிட."

அவன் விடவில்லை. அவளுக்குத் தெரியாமல் யோர்டிஸுக்கே போன் செய்தான். எங்கள் ஆள்தான் எங்கள் மிக்ஸரைத் தொடுவார், அது எங்கள் வழக்கம் என்று அவள் மரியாதையாக மறுத்துவிட்டாள். அப்போதாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்று வைத்துவிட்டான்.

ரோஸ்டாக்கில் மதியம் கொட்டகை காலியாக இருந்தபோது ஒலி சரிபார்த்தார்கள். தாடி வைத்த ஒலிக்காரர் இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஹை-ஹாட் கொஞ்சம் அதிகமா இருக்கோ?"

"கொட்டகை காலியா இருக்குல்ல, அதான். ஆள் நிறைஞ்சா உடம்புங்க குடிச்சிடும்," என்றாள் இம்கே.

அது பொய்யில்லை. வெற்றுச் சுவர்களில் உச்ச ஒலி எகிறும், ஆட்கள் நிறைந்தால் அடங்கும். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் சொல்கிற பதில்தான். ஒலிக்காரரும் எத்தனையோ மேடையில் இதே பதிலைக் கேட்டவர். வயதில் மூத்தவள், பெயரெடுத்தவள் வேறு. அவர் தலையாட்டிவிட்டு மிக்ஸரைத் தொடாமல் விட்டார்.

கொட்டகை நிறைந்தது. இம்கே முரசை மட்டும் வைத்துத் தொடங்கினாள். பிறகு பாஸ். தரை அதிர்ந்தது, தலைகள் அசைந்தன, நல்ல ஆரம்பம்தான். ஹை-ஹாட்டை உள்ளே கொண்டுவந்தபோது முன்வரிசையில் ஒருத்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். ஆனந்தத்தில் பிடிக்கிறாள் என்று இம்கே நினைத்தாள். பெரிய ஆட்டங்களில் அப்படிப் பிடிப்பது உண்டு.

கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. கூட்டம் தளர்ந்தால் ஹை-ஹாட்டைத் தூக்கு, கால்கள் தானாக எழும். முப்பது வருடமாக அவள் கைக்குப் பழகிப்போன வேலை அது. தூக்கினாள். இன்னும் தளர்ந்தது. இன்னும் தூக்கினாள். ஆட்கள் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு. முன்வரிசைப் பெண் காதைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தமே ஓடவில்லையா என்று இம்கேவுக்குக் கோபம் வந்தது. திருகியைக் கடைசிவரை திருப்பினாள்.

அப்போது சத்தம் செத்தது. பெட்டியின் விளக்குகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மிக்ஸரில் யோர்டிஸ் மொத்தச் சத்தத்தையும் இழுத்துக் கீழே விட்டிருந்தாள். மேடைக்கு ஓடிவந்து ஏதோ சொன்னாள். பாதி விழுந்தது, பாதி விழவில்லை.

"என்ன?"

"காது கிழியுதுங்க எல்லாருக்கும். உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன கேக்கலையா?"

யோர்டிஸின் முகம் மாறிய விதத்தை இம்கே பார்த்தாள். ஒலிக்காரர் அவளை மிக்ஸருக்கு அழைத்துப் போய்த் திரையைக் காட்டினார். இப்போதுதான் வந்த ஒலியின் படம், ஒலிக்கொரு கோடாக. இடப்பக்கம் கோடுகள் அளவாக நின்றன. வலது ஓரத்தில், உச்ச ஒலி இருக்கும் இடத்தில், ஒரு கற்றையே சிவந்து கூரையை முட்டிக்கொண்டிருந்தது. இம்கே அந்தச் சிவப்பையே பார்த்தாள். தன் கையால் செய்தது, தன் காதுக்கு எட்டாதது.

பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலுக்கே வந்துவிட்டாள். யோர்டிஸ் பிறகு அழைக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிரெமெனில் காது மருத்துவர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நடுவில் நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. கருவி நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள். மருத்துவர் அந்தப் பக்கம் இயக்கிக்கொண்டுதான் இருந்தார்.

"மேல் சுருதி எல்லாம் போயிடுச்சும்மா. போனது வராது," என்றார். "இப்படியே தொடர்ந்தா நடுவுல இருக்கிறதும் போகும். அடுத்தது மனுஷங்க பேச்சுதான்."

"எப்ப ஆரம்பிச்சிருக்கும்?"

"வருஷக்கணக்குல ஆகியிருக்கும். மூணு வருஷம் முன்னாடி வந்து, அடைப்பான் போட்டிருந்தீங்கன்னா பெரும்பகுதி நின்னிருக்கும்." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "சத்தத்துல வேலை பாக்கிறவங்கன்னு சொல்றீங்க. கூட இருக்கிறவங்க யாருமே சொல்லலையா?"

அந்தக் கேள்வி அவளை வீட்டுக்குப் போக விடவில்லை. மாதாமாதம் ஒரே பெட்டி, ஒரே காது. ரோஸ்டாக்கில் தரையில் குந்துகிறார்கள், பிரெமெனில் மட்டும் எப்படி ஆடுகிறார்கள்? டிராமில் உட்கார்ந்து அதையே யோசித்தாள். ஐஸ் கிடங்கு வருவதற்குள் விடை தெரிந்துவிட்டது.

டெட்லெஃப் நிலவறையில் தனியாக உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் சுருட்டுவதை நிறுத்தினான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவன் என்னவென்று கேட்கவில்லை. "மூணு வருஷம் இருக்கும்."

"கடிதத்தைத் திருத்தியிருக்கே."

"ஆமா."

"நான் பாக்கும்போதெல்லாம் திருகி நேராத்தானே இருந்துச்சு?"

"நீ பெட்டியை அணைக்கிறப்ப நேராக்கிடுவேன். நடுவுல நீ இறங்கி வந்தாலும் நேராக்கிடுவேன்."

"பாவம்னு பாத்தியா?"

"இல்ல இம்கே. சொன்னா நீ வாசிக்கிறத விட்டுடுவே. உன்னைத் தெரியாதா எனக்கு? ஒரே நாள்ல தூக்கிப் போட்டுடுவே. அப்புறம் முதல் ஞாயிறு நீ இங்க வர மாட்டே." அவன் குரல் இறங்கியது. "வேற எதுக்கு நீ இந்தப் பக்கம் வரப்போறே?"

இம்கே நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா நின்னிருக்கும்னு டாக்டர் சொல்றார்டா. பெரும்பகுதி நின்னிருக்கும்."

டெட்லெஃபுக்கு அது தெரியாது. இந்தக் கணக்கை அவன் போட்டதே இல்லை. ஒலியைத்தான் சரிசெய்கிறோம் என்று நினைத்திருந்தான். கையிலிருந்த ஒயர் அவிழ்ந்து தரையில் விழுந்தது, அவன் எடுக்கவில்லை.

"என் காதை எடுத்து உன் ஆசைக்கு வச்சுக்கிட்டே," என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அதோடு அவள் வாசிப்பதை விட்டிருக்கலாம். விட முடியவில்லை. தபால்பை மட்டுமே மிச்சம் என்றால் எதற்கு எழுந்திருப்பது? இரண்டு மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் மாதம் காதின் அச்செடுத்துச் செய்த அடைப்பானோடு வந்தாள். ஜாடியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. டெட்லெஃபிடம் இரண்டே வார்த்தை பேசினாள். ஹை-ஹாட் அதிகமானால் கையைக் கீழே காட்டு, சரியானால் கையை நிறுத்து, மிக்ஸரைத் தொடாதே. அவன் சத்தியம் செய்தான்.

முரசு வைத்தாள், பாஸ் வைத்தாள். அடைப்பானுக்குள் எல்லாம் கம்பளிக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தது. ஹை-ஹாட்டை உள்ளே விட்டாள். அவளுக்கு அது இல்லை. எண்கள் மட்டும் பெட்டியின் சின்னத் திரையில் ஓடின. டெட்லெஃபைப் பார்த்தாள். அவன் கை கீழே போனது. குறைத்தாள். இன்னும் கீழே. குறைத்தாள். கை நின்றது.

ஆட்கள் ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். தபால் கொடுக்கும் தெருவில் அவளுக்குத் தெரிந்த ஒரு கிழவர்கூட ஓரமாக நின்று முழங்காலை ஆட்டினார். இம்கேவின் உடம்பு தானாகவே ஒரு கணம் லேசாயிற்று. அடுத்த கணம் அவள் பார்வை டெட்லெஃபிடம் போனது. அவன் ஒரு கைதான் மேலே இருந்தது. இன்னொரு கை மிக்ஸரின் மறைவில் இருந்தது.

பெட்டியை அதே சுற்றில் ஓடவிட்டுவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு நடந்தாள். அவள் வருவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மிக்ஸரில் அவன் நின்ற பக்கம் வந்து குனிந்தாள். எல்லாத் திருகிகளும் நேராக நின்றன.

"தொடல," என்றான் டெட்லெஃப். "சத்தியமா தொடல இம்கே."

அவன் கண் கலங்கியிருந்தது. அது உண்மைக்கும் கலங்கும், பொய்க்கும் கலங்கும். அவள் திரும்பிப் போய்த் தன் நேரம் முடியும்வரை வாசித்தாள். பொத்தான் பொத்தானாக, தவறில்லாமல் வாசித்தாள். கடைசி அடி நின்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தலையசைத்துவிட்டுப் பெட்டியை அணைத்தாள்.

டெட்லெஃப் அருகில் வந்தபோது ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் வேற யாரையாவது போட்டுக்கோ."

"ஏன்? இன்னிக்கு எவ்வளவு நல்லா போச்சு தெரியுமா?"

"தெரியாது," என்றாள் இம்கே. காதிலிருந்து அடைப்பானை எடுத்துவிட்டு அவன் வாயையே பார்த்தபடி நின்றாள். "எனக்கு எப்படிடா தெரியும்? உன்னைத்தான் கேக்கணும்."